பிள்ளைகளோடு ஒரு நாள்: காணையிலிருந்து செஞ்சி வரை

நம் வீடுகளில் 'குடும்பத்தோடு வெளியே போவது' என்றால் பெரும்பாலும் மூன்றே இடங்கள்தான். உறவினர் வீட்டு நிக்காஹ், மவுத் வீடு, ஆஸ்பத்திரி. நான்காவதாக ஊட்டி, கொடைக்கானல் என்று ஒரு கனவு இருக்கும். வேன் வாடகை, ரூம் வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 'அடுத்த வருஷம் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்' என்று அதைத் தள்ளி வைத்துவிடுவோம். தள்ளி வைக்கும் அந்த ஆண்டுகளில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் "எங்கே போறோம் அத்தா?" என்று குதித்த பையன், பத்தாம் வகுப்பில் "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு டியூஷன் இருக்கு" என்கிறான்.

காணை, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தள்ளிப்போடல் தேவையே இல்லை. காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரத்தில், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் இடத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. போகிற வழியில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்தான் அது. வீட்டில் நாம் கேட்கிறோம், அவர்கள் பதில் சொல்கிறார்கள்: "தொழுதியா? ஹோம்வொர்க் முடிச்சியா? போனைக் கீழே வை." பயணத்தில் இது தலைகீழாகிறது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. 'அல்லாஹ்வைப் பேணிக்கொள்' என்று தொடங்கும் புகழ்பெற்ற அறிவுரையை நம் மதரஸாக்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த அறிவுரை எங்கே சொல்லப்பட்டது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபிகளாரின் வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றுகொண்டிருந்தபோது சொல்லப்பட்டது அது. இன்றைய மொழியில் சொன்னால், பில்லியனில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்கு வழியில் சொன்ன பாடம்.

இன்னொரு செய்தியும் முஸ்லிம் நூலில் வருகிறது. நபிகளார் பயணம் முடிந்து மதீனா திரும்பும்போது வீட்டுப் பிள்ளைகள் எதிர்கொண்டு அழைக்கப் போவார்கள். அப்படி ஒருமுறை அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) அவர்களை முன்னாலும், ஃபாத்திமா (ரலி) அவர்களின் மகன்களில் ஒருவரைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டார்கள். மூவரும் ஒரே வாகனத்தில் ஊருக்குள் நுழைந்தார்கள். (இதைக் காட்டி ஸ்ப்ளெண்டரில் ஐந்து பேரை ஏற்றலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த வாகனம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடவில்லை என்பதே பதில்.)

இனி செஞ்சிக்குப் போவோம். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து இன்னும் அருகில். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். நம் பிள்ளைகள் ராய்கட் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். செஞ்சியைப் பேருந்து ஜன்னலில் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலை போய்விடுகிறார்கள்.

டிக்கெட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறையின் சின்னங்களில் கட்டணம் கிடையாது. காலை வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும். ராஜகிரி உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே ஏறுவது சிரமம். பிற்பகலில் நேரம் கடந்துவிட்டால் மேலே ஏற விடவும் மாட்டார்கள். சாலைக்கு மறுபக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி உயரம் குறைந்தது, குடும்பத்துக்கு ஏற்றது. மலையே ஏறாவிட்டாலும் கீழ்க்கோட்டையில் அரை நாள் போய்விடும்: அடுக்கடுக்காக எழும்பும் கல்யாண மஹால், பெரிய தானியக் களஞ்சியம், யானைக் குளம். குரங்குகள் ஏராளம். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் பை நமக்கில்லை.

கீழ்க்கோட்டையில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் 1717-18இல் கட்டியது. அதன் முன்னால் நின்றபோதுதான் ஐந்தாவது படிக்கும் என் மகன் கேட்டான்: "அத்தா, இந்தச் சண்டையில நம்ம ஆளு யாரு?"

இந்தக் கேள்வியை வீட்டில் அவன் கேட்டிருக்க மாட்டான். ஆனால் இது அவன் மனதில் வெகுநாளாக இருக்கிறது. பள்ளியில், தெருவில், போனில் வரும் வீடியோக்களில் 'உங்க ஆளு, எங்க ஆளு' என்று வரலாற்றைப் பிரித்துப் பேசுவதை நம் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். அத்தாவிடம் பதில் இல்லையென்றால், வேறு யாரோ ஒருவர் பதில் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பதில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததல்ல.

கல்லூரியில் வரலாறு படித்தது அன்று எனக்குக் கைகொடுத்தது. செஞ்சியின் கதையை அறிந்துகொண்டு போனால் எந்த அத்தாவும் இந்தப் பதிலைச் சொல்லலாம்.

1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் பின்னர் இங்கே வந்து தங்கியபோது, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டார். 1690இல் தொடங்கிய அந்த முற்றுகை 1698இல்தான் முடிந்தது. முற்றுகையிட்ட முகலாயப் படையில் தல்பத் ராவ் என்ற புந்தேலா ராஜபுத்திரர் முக்கியத் தளபதி. கோட்டை முகலாயர் கைக்கு வந்தபின் அதன் பொறுப்பு சில ஆண்டுகளில் யாருக்குப் போனது? சொரூப் சிங் என்ற இன்னொரு புந்தேலா ராஜபுத்திரருக்கு. அவர் மகன்தான் தேஜ் சிங், நம் ஊர் வழக்கில் தேசிங்கு ராஜா.

தந்தை இறந்தபின் கட்ட வேண்டிய பாக்கிப் பணம் பற்றித் தகராறு வந்தது. ஆற்காடு நவாப் படையெடுத்தார். 1714இல் நடந்த போரில் 22 வயது இளைஞர் தேசிங்கு இறந்தார். அடிப்படையில் அது வரிப் பாக்கிச் சண்டை. தீனுக்காக நடந்த சண்டை என்று எந்தப் பக்கத்திலும் சொல்ல இடமில்லை.

தேசிங்கின் பக்கத்தில் நின்று உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் முஸ்லிம். அவர் நண்பர் மகமத்கான். இந்தப் பகுதி மக்கள் தலைமுறைகளாகப் பாடிவரும் தேசிங்குராஜன் கதையில் அவர் பெயர் மோவுத்துக்காரன். தன் நிக்காஹ் நாளில் செய்தி வந்ததும் மணக்கோலத்தோடு எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் போனார் என்கிறது அந்தக் கதை. கதைப்பாடலில் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மண்ணின் எளிய மக்கள் எதை நினைவில் வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். நவாபின் வெற்றியைவிட அவர்கள் அதிகம் பாடியது ஒரு ராஜபுத்திரனும் ஒரு முஸ்லிமும் கொண்டிருந்த நட்பைத்தான்.

இதையெல்லாம் அந்தப் பள்ளிவாசல் நிழலில் உட்கார்ந்து மகனுக்குச் சொன்னேன். "அப்ப நம்ம ஆளு ரெண்டு பக்கமும் இருந்தாங்களா?" என்றான். "ரெண்டு பக்கமும் இருந்தாங்க. அவங்க ஆளுங்களும் ரெண்டு பக்கமும் இருந்தாங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தேசிங்கின் குதிரைக்கு என்ன பெயர் என்று கேட்டான். பாராசாரி.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் பன்னிரண்டு, பதிமூன்று வயதானதும் மகள் பயணப் பட்டியலிலிருந்து கழன்றுவிடுகிறாள். யாரும் 'நீ வராதே' என்று சொல்வதில்லை. "பைக்கில இடமில்ல, அம்மாவுக்குத் துணையா இரு" என்பார்கள். தம்பி போவான், அவள் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அவளே கேட்பதை நிறுத்திவிடுவாள். பிறகு, "மகள் எங்களிடம் எதையும் சொல்வதில்லை" என்று என்னிடம் வந்து வருந்தும் பெற்றோர் பலர். சொல்வதற்கான பொழுதை எங்கே கொடுத்தோம்?

பயணத்தில் நபிகளார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதலில் ஆயிஷா (ரலி) வென்றார்கள். காலம் கடந்து மீண்டும் ஓடியபோது நபிகளார் முந்தி, 'அதற்கு இது' என்று சிரித்தார்கள். அபூதாவூத் நூலில் இருக்கும் இந்தச் செய்தியைத் திருமண உரைகளில் நாங்கள் சொல்கிறோம். கேட்டவர்கள் புன்னகைக்கிறார்கள். ஆனால் கோட்டைப் படியில் மகள் வேகமாக ஏறினால், "மெதுவா நட, யாராவது பாக்கப் போறாங்க" என்கிறோம். மஹ்ரமான அத்தாவும் அண்ணனும் கூடவே இருக்கும் பயணத்தில் அவளுக்கு என்ன தடை? படி ஏறும்போது தடுக்காத அளவில் ஆடை, பிடிப்புள்ள செருப்பு, இவ்வளவுதான் தேவை.

வீட்டம்மாவுக்கும் இது விடுமுறையாக இருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பத்துப் பேருக்குப் பிரியாணி செய்பவருக்கு அந்த நாள் இன்னொரு வேலை நாள். ஒரு நாள் தயிர்ச் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

செஞ்சிக்கு அடுத்ததாக நான் சொல்லும் இடம் திருவக்கரை. வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா அங்கே இருக்கிறது. முதலில் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும், 'வெறும் கட்டை' என்பார்கள். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கல். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்தன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றுக்குள் ஊறி, மரத்தின் இழைகள் இருந்த இடத்தில் சிறிது சிறிதாகக் கல் படிந்தது. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரமாகவே கிடப்பதை வைத்து, அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். 1781இலேயே சொன்னரட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார்.

இங்கும் கேள்வி வரும். 2 கோடி ஆண்டு என்று சொன்னதும் ஒன்பதாவது படிக்கும் என் மகள், "ஆதம் நபிக்கு முன்னாடியா?" என்றாள். இப்படிக் கேட்டால் பிள்ளையை அதட்டக் கூடாது. மனிதன் படைக்கப்படுவதற்கு முன்பே பூமியும் தாவரங்களும் படைக்கப்பட்டுவிட்டன என்பதில் நமக்கு எந்தச் சிக்கலும் இல்லை. குர்ஆன் ஆண்டுக் கணக்குச் சொல்லவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பாருங்கள் என்று அல்அன்கபூத் அத்தியாயத்தில் சொல்கிறது. திருவக்கரைக்குப் போவது அந்தப் பயணங்களில் ஒன்றுதான்.

தொழுகை பற்றிய ஐயம் எப்போதும் வரும். செஞ்சி, திருவக்கரை, புதுச்சேரி எல்லாம் கஸ்ர் தூரத்துக்குள் வராது. ஹனஃபி வழக்கில் அது ஏறத்தாழ 78 கிலோமீட்டர். எனவே நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும். சென்னை போனால் சுருக்கலாம். சிக்கல் பெண்களுக்குத்தான். ஆண்கள் பள்ளிக்குள் போய்விடுவார்கள், அம்மாவும் மகளும் வெயிலில் நிற்பார்கள். நெடுஞ்சாலை ஓரப் பள்ளிகளின் நிர்வாகத்தார் பயணத்தில் வரும் பெண்களுக்கு ஒரு தடுப்பும் தனி ஒளூ இடமும் அமைத்தால் பெரிய நன்மை. அதுவரை ஒரு விரிப்பும் இரண்டு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும். மரத்தடி போதும்.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு: நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் அதற்கேற்ற பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் நிறைந்திருந்தால் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது நடைமுறையில் உள்ள விதி. நான்கு வயது நிறைந்தவர்களுக்கு ஹெல்மெட் எப்போதுமே கட்டாயம். குடும்பம் பெரிதென்றால் பேருந்துதான் நல்லது. நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அரசுப் பேருந்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை.

வீடூர் அணையும் மரக்காணம் கடலும் பார்க்க அழகானவை. கரையில் உட்காருங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம். நீச்சல் தெரிந்த பெரிய பையன்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குப் பயம் இருக்காது.

மரக்காணம் வரை போகிறவர்கள் கழுவெளியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று சொல்லப்படுவது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலம் முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் போனால் வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்கலாம். வளைகுடாவிலிருந்து இரண்டு மாத லீவில் வரும் அத்தாமார்கள் அந்த மாதங்களில் வந்தால் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஃபஜ்ரு தொழுத கையோடு கிளம்பினால், வெயில் ஏறுமுன் பறவைகளைப் பார்த்துவிட்டு, உப்பளங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டி, லுஹருக்குத் திண்டிவனம் வந்துவிடலாம்.