கிழ ஜீப்பும் ஒரு சின்ன ஆயில் சீலும்

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையை ஒட்டி நீளுகிறது தோல் சீமை. தலைமுறை தலைமுறையாகத் தோலோடு பழகிய ஊர்கள் இவை. கிழிந்தால் தைக்கலாம், காய்ந்தால் எண்ணெய் காட்டலாம், அதற்கும் உதவாவிட்டால் வெட்டி வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம் என்பது தோல்காரரின் கணக்கு.

பழைய ஜீப்பை வீட்டுக் கொல்லையில் நிறுத்திப் பழுது பார்க்கிறவரின் கணக்கும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்களையில் சீரகச் சம்பா பிரியாணிக்கு உலை கொதிக்கும். கொல்லைப் புறத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கை முழுவதும் கிரீஸுடன் ஒருவர் குனிந்து நிற்பார். "இந்தக் கிழட்டு வண்டியை எடைக்குப் போட்டால் என்ன?" என்று உள்ளே இருந்து குரல் வரும். அவர் காதில் விழாது.

அவர் செய்வது வீண் வேலையா? இல்லை. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாமல் செய்தால் அது விபரீத வேலை.

யுத்தம் பெற்ற பிள்ளை

ஜீப் பிறந்தது அவசரத்தில். 1940-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் தனக்கு ஒரு சின்ன, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டி ஒன்றைச் செய்து காட்டக் கொடுத்த அவகாசம் வெறும் 49 நாட்கள். பான்டம் என்ற சிறிய கம்பெனி குறித்த நாளில் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் பெருமளவில் தயாரித்தன. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் வெளிவந்துவிட்டன.

போர்க்களத்தில் பட்டறை ஏது? சாதாரணச் சிப்பாய் சில ஸ்பேனர்களையும் ஒரு திருப்புளியையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் பிரித்து மாட்ட வேண்டும் என்பதே இந்த வண்டியின் அடிப்படை. இன்றைக்கும் பழைய ஜீப்பை வீட்டிலேயே பழுது பார்க்க முடிகிறது என்றால் காரணம் அதுதான்.

1945-இல் தொடங்கிய மஹிந்திரா கம்பெனி, 1947-இல் ஜீப்புகளைத் துண்டு துண்டாகக் கப்பலில் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னர் இங்கேயே தயாரிக்கவும் ஆரம்பித்தது. உயர்ந்த பானட்டுடன் கூடிய சி.ஜே. 3பி என்ற ரகம் வில்லிஸ் கம்பெனியில் 1953-இல் அறிமுகமாயிற்று. எஞ்சின் உயரம் கூடியதால் பானட்டும் உயர்ந்தது. அந்த ரகத்தை அமெரிக்காவில் நிறுத்திய பிறகும் இந்தியாவில் நெடுங்காலம் செய்துவந்தார்கள்.

போலீஸ் ஜீப், தாசில்தார் ஜீப், பஞ்சாயத்து யூனியன் ஜீப், தேர்தல் ஜீப், ஜப்தி ஜீப் என்று இந்த வண்டி நுழையாத கிராமம் இல்லை. வேலூர்ப் பக்கத்தில் வண்டிக்கு வேலை எப்போதும் உண்டு. தெற்கே ஜவ்வாது மலை. திருப்பத்தூர் அருகே ஏலகிரி. வடக்கே ஆந்திர எல்லைக் காடு. நடுவே வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு. சர்க்கார் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்பை வாங்கியவர்கள் அதை மீண்டும் ஓட வைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஓடுவதற்கு முன் நிற்கட்டும்

பழைய ஜீப் கைக்கு வந்ததும் முதல் ஆசை எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதுதான். அடுத்த ஆசை பெயிண்ட். மூன்றாவது, பெரிய டயர். பிரேக்கைப் பற்றிய நினைவு கடைசியில் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

பழைய ஜீப்பில் பிரேக் மிதியை அழுத்தினால் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் போகிறது. இன்றைய கார்களைப் போல இரண்டு தனி வழிகள் கிடையாது. எங்கேனும் ஓரிடத்தில் குழாய் துருப்பிடித்து வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். பிறகு கையில் இருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான்.

அந்த ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது? பின் சக்கரங்களில் அல்ல. கியர் பாக்ஸுக்குப் பின்னால், நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டில், ஒரு சிறிய டிரம்மாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் ஓர் ஆயில் சீல். உள்ளங்கையில் அடங்கும் வளையம். அது தேய்ந்து கசிந்தால், எண்ணெய் நேராக ஹேண்ட் பிரேக் லைனிங் மேல் வடியும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் டிரம் வழுக்கிக்கொண்டு சுற்றும்.

"ஜீப் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கம் உண்டு. சமதரையில் அது வேடிக்கை. ஏலகிரிக்குப் போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குழந்தைகள் பின்னால் உட்கார்ந்திருக்க, அங்கே இறங்கும்போது கால் பிரேக் போய், ஹேண்ட் பிரேக்கும் வழுக்கினால் அது வேடிக்கை அல்ல. ஓர் ஆயில் சீல் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் உயிராகிவிடுகிறது.

ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரேக்குக்கு. குழாய்களைக் கையால் தடவித் துரு பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. ஆகவே எத்தனை வருஷத்து எண்ணெய் என்று தெரியாவிட்டால் முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக ஊற்றுவதே நல்லது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

சீல் மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புதிய சீல் போட்டும் கசிகிறதே என்று பலர் கடைக்காரரைத் திட்டுவார்கள். தண்டைத் துடைத்து நகத்தால் உரசிப் பார்த்தால் காரணம் தெரியும். பல வருஷம் சீல் உரசிய இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கும். லேத் பட்டறையில் கொடுத்து அந்த இடத்துக்கு மெல்லிய உறை ஏற்ற வேண்டும். காற்றுப் போகும் சிறு துவாரம் சேறு அடைத்துக் கிடந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் வெளியே தள்ளும்.

இங்கே ஒரு விசேஷம். செயற்கை ரப்பர் பரவுவதற்கு முன்பு ஆயில் சீலின் உதடு தோலால்தான் செய்யப்பட்டது. பூட்டுவதற்கு முன் அதை எண்ணெயில் ஊற வைப்பார்கள். பிற்பாடு வெப்பத்தை நன்றாகத் தாங்கும் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று தோல் சீல் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் தோலில் துளை போடும் பஞ்சும் கூரிய கத்தியும் கேஸ்கட் தாள் வெட்டுவதற்கு அப்படியே உதவும். செருப்பின் மேல்தோலைக் கோடு பிசகாமல் வெட்டத் தெரிந்தவருக்குக் கேஸ்கட் வெட்டுவது பெரிய காரியமா?

இடம்புரி நட்டு

சக்கரத்தைக் கழற்றும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய வில்லிஸ் ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி மரை கொண்டவை. வழக்கம்போலத் திருப்பினால் கழலாது, இறுகும். தெரியாதவர் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டிப் பலம் கொண்ட மட்டும் திருப்புவார். போல்ட்டு முறிந்து கையோடு வரும். முனையில் 'எல்' என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அதே போல், ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில், செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டு ஒருபோதும் படுக்கக் கூடாது. செங்கல் எப்போது நொறுங்கும் என்று செங்கல்லுக்கே தெரியாது. இரும்பு ஸ்டாண்டு அவசியம்.

வெயிலும் பெட்ரோலும்

வேலூர் வெயில் பிரசித்தம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெயிலில் ஜீப் நடுவழியில் நின்றுவிடும். அரைமணி கழித்துத் தானாகவே கிளம்பும். பேய் பிடித்ததல்ல. எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பினால் ஆவியை இழுத்துத் தள்ள முடிவதில்லை. பம்பின் மேல் ஈரத் துணி போடுவது பழைய டிரைவர்களின் கைமருந்து. பெட்ரோல் குழாயைச் சைலன்ஸர் சூட்டிலிருந்து விலக்கி அமைப்பதும், ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும்தான் நிரந்தர வைத்தியம்.

இப்போது இன்னொரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலை எண்ணிப் பாராத காலத்தில் செய்த ரப்பர்க் குழாயும் பம்பின் ஜவ்வும் அதில் ஊறிக் கெடக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பிளக்கின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பாகம், கான்டாக்ட் பாயிண்டின் இடைவெளி ஆயிரத்தில் 20 பாகம், சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. வில்லிஸ் பெட்ரோல் எஞ்சினுக்கு இந்த எண்கள்தான் மூலமந்திரம். இவற்றைச் சரிபார்த்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

எஞ்சின் மாற்றும் ஆசை

பெட்ரோல் ஜீப் எண்ணெயை மடமடவென்று குடிக்கும். அதனால் டீசல் எஞ்சின் வைத்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு வந்தது. மஹிந்திராவே பிரான்ஸ் தேசத்துப் பெஜோ கம்பெனியின் டீசல் எஞ்சினைத் தன் ஜீப்புகளில் பூட்டி விற்றது. வேலூருக்குப் பெஜோ புதிய பெயரல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா ஸ்கடர், குடியாத்தம் சாலையோரக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்க முதலில் மாட்டு வண்டியிலும், பிறகு ஒரு சிறு பெஜோ காரிலும் சென்றார்.

ஆனால் கம்பெனி கணக்குப் போட்டுப் பூட்டுவது வேறு. கொல்லையில் வெல்டிங் வைத்துப் பூட்டுவது வேறு. கனமான எஞ்சின் முன்புற வில் பட்டைகளை அமுக்கும். கியர் பாக்ஸ் தாங்காது. பெரிய டயர் மாட்டினால் அதைத் திருப்ப ஸ்டியரிங்கும், நிறுத்தப் பிரேக்கும் அதிகமாகப் பாடுபட வேண்டும். ஸ்பீடாமீட்டரும் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள, கம்பெனி வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியும் புத்தகமும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

இதில் ஓர் அதிர்ஷ்டமும் ஒளிந்திருக்கிறது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ அந்த வண்டியை ஓட்ட முடியாது. நிபந்தனை என்ன தெரியுமா? சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் பழைய நிலையிலேயே இருக்க வேண்டும். அப்பா காலத்து எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டவர் அந்தக் கௌரவத்தையும் சேர்த்தே எடைக்குப் போட்டுவிட்டார்.

ஆகவே தேய்ந்ததை மாற்றுவது பழுது. தேயாததை மாற்றுவது ஆசை. பழுதை இன்றே பார்க்கலாம். ஆசையை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுப் பார்க்கலாம்.

மலையடிவாரத்தில்

எல்லாம் முடிந்து, ஏலகிரி அடிவாரத்தில் பொன்னேரிக்கு ஜீப் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுப்பைப் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் போகும் தூரம் வேறு வேறு என்பதால் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். அது மணலுக்கும் சேற்றுக்கும் உரியது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடி வரக் கூடாது.

புறப்படும் முன் சரிவான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, காலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம். வண்டி அங்குலம் கூட நகரவில்லையா? அப்படியானால் குழந்தைகளை ஏற்றிக்கொள்ளலாம்.

நகர்ந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கவே இருக்கிறது. சீல் வேலை இன்னும் பாக்கி என்று அர்த்தம்.