எல்லைப்புற வழக்கில் முந்திரியும் திராட்சையும்

1. முன்னுரை

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இடுக்கி மாவட்டத்தின் குமுளியிலிருந்து மலையிறங்கினால், முல்லைப்பெரியாற்று நீரால் வளம்பெறும் கம்பம் பள்ளத்தாக்கு. தமிழகத்தில் திராட்சை மிகுதியாக விளையும் நிலம் அது. அங்கு விளையும் கனி மலைக்குக் கீழே 'திராட்சை'. மலையேறி மலையாளத்துக்குள் புகுந்தால் 'முந்திரி'. இவ்வேறுபாடு தோன்றிய முறையையும் மொழிபெயர்ப்பில் அது விளைவிக்கும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. முந்திரி: பொருள் பெயர்ந்த சொல்

இன்றைய தமிழில் 'முந்திரி' பருப்புத் தரும் மரத்தைக் குறிக்கும். ஆயின் 'முந்திரிகை' என்பதற்குத் திராட்சைக் கொடி என்னும் பொருளும் தமிழில் உண்டு. இச்சொல் வடமொழி 'மிருத்வீகா', பாலி 'முத்திகா' என்பவற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அவ்விரண்டும் திராட்சையையே சுட்டுவன.

பருப்புத் தரும் மரம் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரால் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ், புதிய மரத்திற்குப் பழைய பெயரை இட்டது. பின் இரண்டையும் பிரித்தறிய 'கொடிமுந்திரி' என்றும், இலங்கை வழக்கில் 'மரமுந்திரிகை' என்றும் அடைமொழிகள் வேண்டப்பட்டன. மலையாளமோ போர்ச்சுக்கீசியப் பெயரைத் தழுவிக் 'கசுமாவு' என்றும், வந்த வழியைச் சுட்டிப் 'பறங்கிமாவு' என்றும் புதுப்பெயர் அமைத்துக்கொண்டது. அதனால் 'முந்திரி' அங்குப் பழம்பொருளிலேயே நிலைத்தது. கொட்டை கனிக்கு முன் துருத்தி நிற்பதால் முந்திரி என்னும் விளக்கம், திராட்சைப் பொருளை விளக்க இயலாமையின், மக்கள் வழக்குச் சொற்பிறப்பே எனலாம்.

3. பன்னீர்: மணத்தாற் பெற்ற பெயர்

கம்பம் பள்ளத்தாக்கின் முதன்மை வகை பன்னீர்த் திராட்சை. உண்ணவும் சாறெடுக்கவும் வைன் வடிக்கவும் பயன்படும் இது 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இதன் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. 'மஸ்கட்' கத்தூரி மணத்தைச் சுட்டும் சொல்வழி வந்தது என்பர். தமிழ் அதனை ஒலிபெயர்க்காமல், தான் அறிந்த மணமாகிய பன்னீரால் பெயரிட்டது. பெயரிடும் நெறி ஒன்றே. மணம் மட்டும் வேறு. மலையாளத்தில் இச்சொல் 'பனிநீர்' என வழங்குவது, பன்னீரின் பழைய அமைப்பைக் காட்டும்.

இவ்வகையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி பரவலாக வழங்குகிறது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் கலப்பினமாக உருவாக்கப்பட்டது என்பர். இரு செய்திகளும் பொருந்தாமையால், பெயரின் வரலாற்றையும் கொடியின் வரலாற்றையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

4. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவன

1986இல் பத்மராஜன் இயக்கிய மலையாளத் திரைப்படம் 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்'. இத்தலைப்பு விவிலியத்தின் உன்னதப்பாட்டைத் தழுவியது. இதனை 'முந்திரித்தோப்பு' என்றே தமிழில் பெயர்த்தால் கொடி மரமாகிவிடும். உன்னதப்பாட்டின் தொடர்பும் அறுந்துபோகும். 'திராட்சைத் தோட்டம்' என்பதே பொருந்தும். பாயசக் குறிப்புகளில் பிழைக்கு இன்னும் இடமுண்டு. அங்கு 'உணக்கமுந்திரி' உலர்திராட்சை, 'அண்டிப்பரிப்பு' முந்திரிப்பருப்பு. இரண்டும் ஒரே வரியில் வரும். தமிழிலிருந்து பிறமொழிக்குப் பெயர்ப்போர் 'பன்னீரை' மணநீராகவோ பாற்கட்டியாகவோ கொள்ளாது, வகைப்பெயராகவே கொள்ளல் வேண்டும்.

5. முடிவுரை

உறவுமொழிகளில் ஒலியொத்த சொல்லே பெரிதும் ஏமாற்றும். அறியாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுவர். அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு நாடுவதில்லை. எனவே பயிர்ப்பெயர்களைப் பெயர்க்குங்கால் சொல்லிலிருந்து சொல்லுக்குச் செல்லாது, சொல்லிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து மறுமொழிச் சொல்லுக்கும் செல்வதே பிழை தவிர்க்கும் நெறியாகும்.