முணுமுணுப்புக்கு நடுவே முதல் வேலை

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பலருக்கு வேலையிடம் முதன்முதலில் அறிமுகமாவது வேலைப் பயிற்சியின்போதுதான். வேலையைக் கற்றுக்கொள்ளும் முன்பே சிலரின் காதில் விழுவது, “இங்கு எதுவும் மாறாது”, “உழைத்து என்ன பலன்?”, “அதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று” போன்ற பேச்சுகள்.

இத்தகைய மனப்போக்கு எளிதில் தொற்றிக்கொள்ளும். அருகில் இருப்பவரின் முகபாவனையையும் குரலையும் நாம் அறியாமலேயே பின்பற்றுகிறோம். அவரது மனநிலையும் கூடவே வந்துவிடுகிறது. உளவியலாளர் இலேன் ஹேட்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990களில் இதனை ‘உணர்வுத் தொற்று’ என்று விளக்கினர். குழுவில் ஒருவராகிவிட வேண்டும் என்ற ஆசையில், புதியவர் தமக்கில்லாத மனக்குறையையும் பேசத் தொடங்கிவிடலாம்.

அதற்காகக் குறை சொல்பவர்கள் எல்லாரையும் ஒதுக்கிவிடக் கூடாது. குறை வேறு, குறைசொல்லும் பழக்கம் வேறு. “ஆள் போதவில்லை, நேற்றும் இரவு எட்டு மணி வரை இருந்தேன்” என்பவர் உண்மையான ஒரு சிக்கலைச் சொல்கிறார். எதற்கெடுத்தாலும் “நடக்காது” என்பவரிடம் சிக்கல் என்னவென்றே தெளிவாக இராது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: “போன முறை எந்த இடத்தில் சிக்கல் வந்தது?” “வாடிக்கையாளர் பட்டியல் பழையது, பாதி மின்னஞ்சல்கள் திரும்பி வந்துவிட்டன” என்று பதில் வந்தால், அது அனுபவப் பாடம். பட்டியலைப் புதுப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். வெறும் பெருமூச்சுதான் பதில் என்றால், வாதிட வேண்டாம். உங்கள் வேலையைக் கவனியுங்கள்.

அங்கு இல்லாதவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், “எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது” என்று சொல்லி விலகிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் கூடுதல் கவனம் தேவை. அங்கு எழுதுவது யார் கைக்கும் போகக்கூடும்.

மேற்பார்வையாளர், “உனக்கு ஒன்றும் வராது” என்று சொன்னால் மனம் வலிக்கவே செய்யும். சற்று நேரம் கழித்து அவரைத் தனியே சந்தித்து, “எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும்?” என்று கேளுங்கள். பொத்தாம் பொதுவான கண்டனம், செய்து முடிக்கக்கூடிய வேலையாக மாற இது வழிவிடும்.

ஆனால், இன இழிவுப் பேச்சு, மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவற்றை மனப்போக்கு என்று பொறுத்துப்போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2014ல் நிறைவேற்றப்பட்ட தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். நடந்தது என்ன, எப்போது, யார் உடனிருந்தார்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள். பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடமும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடமும் தெரிவியுங்கள். நியாயமான, முற்போக்கான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடமும் ஆலோசனை பெறலாம்.

உங்கள் பேச்சையும் அவ்வப்போது கவனித்துப் பாருங்கள். ஒரே குறையை மூன்று வாரமாக நண்பர்களிடம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், அதைச் சரிசெய்யக்கூடியவரிடம் சொல்லும் நேரம் வந்துவிட்டது.