அடி தெரியுதா, சார்?

குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குழம்பிய குட்டையில் குளிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குளிக்கிறோம்!

சந்தேகமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவது ஒரு அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தை எட்டிப் பாருங்கள். நீலமாகத் தெரியும். அந்த நீலம் டைல்ஸில் இருப்பது. தண்ணீர் என்னவோ, மெஸ்ஸில் கடைசிப் பந்திக்கு ஊற்றும் மோர் மாதிரி இருக்கும். அதில் பத்துப் பேர் சந்தோஷமாக மிதந்துகொண்டிருப்பார்கள். கரையில் அசோசியேஷன் செயலாளர், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனை விசாரித்துக்கொண்டிருப்பார்.

''என்னப்பா, தண்ணி இப்படி இருக்கு?''

''நேத்து கூட்டம் ஜாஸ்தி சார்.''

''பவுடர் போட்டியா, இல்லையா?''

''போட்டேன் சார். அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு.''

சிரிக்காதீர்கள். பையன் சொன்னது நூற்றுக்கு நூறு கெமிஸ்ட்ரி. விவரம் பின்னால் வருகிறது.

'கொஞ்சம் கலங்கல்தானே, உயிரா போயிடும்?' என்று கேட்பவர்களுக்காக முதலில் ஒரு செய்தி. 2011 ஜூன் மாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்கிற ஊர். அரசாங்கம் நடத்தும் பொது நீச்சல் குளம். 36 வயதுப் பெண் ஒருவர் சறுக்கு மரத்தில் வழுக்கித் தண்ணீருக்குள் போனார். மேலே வரவில்லை.  மறுநாளும் குளம் திறந்திருந்தது; ஜனங்கள் வந்து நீந்திவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கண்ணில் பட்டது. காரணம்? தண்ணீர் கலங்கியிருந்தது. அடி தெரியவில்லை.

இன்னொரு விஷயம். சினிமாவில் முழுகுகிறவர்கள் இரண்டு கையையும் தூக்கி 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்று கத்துவார்கள். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே முடியாதவன் எப்படிக் கத்துவான்? கரையில் இருப்பவர் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. கலங்கல் தண்ணீர் அந்தக் கண்ணைக் கட்டிவிடுகிறது. ஆகவே இது அழகு சம்பந்தப்பட்ட சமாசாரம் இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது.

ஒலிம்பிக்ஸுக்கே இந்தக் கதி!

'நம்ம ஊர்ப் பராமரிப்பு அவ்வளவுதான் சார்' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 2016 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, டைவிங் குளம் திடீரென்று கொத்தமல்லிச் சட்னி நிறத்துக்கு மாறியது. உலகமே டி.வி.யில் பார்த்தது. அடுத்த நாள் பக்கத்துக் குளமும் பச்சை!

கடைசியில் குட்டு உடைந்தது. தொடக்க விழா நடந்த ஆகஸ்ட் 5-ம் தேதி, தண்ணீரைச் சுத்தமாக்குகிறேன் பேர்வழி என்று 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியிருக்கிறார்கள். பெராக்சைடும் குளோரினும் மாமியார் மருமகள் மாதிரி. ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிடும். குளோரின் காலியானதும் பாசிக்குக் கொண்டாட்டம்.

கலையாக நீந்தும் பெண்களின் போட்டி பக்கத்துக் குளத்தில் நடக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நடுவர்களுக்குத் தெரியாவிட்டால் மார்க் போடுவது எப்படி? மருந்து போட்டுத் தெளிய வைக்க நேரமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீரை வெளியேற்றி, பயிற்சிக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். நம் அசோசியேஷனில் அத்தனை டேங்கருக்கு யார் பணம் கொடுப்பது? ஆகவே நாம் ஒழுங்கான வழியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றே காரணம்

தண்ணீர் கலங்க மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, குளோரின் குறைவு. இரண்டு, சுண்ணாம்பு. மூன்று, ஃபில்டர். எது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது, தலைவலிக்குப் பல்லைப் பிடுங்குவது போல.

முதலில் பத்து நிமிஷம் செலவழித்துத் தண்ணீரை டெஸ்ட் செய்ய வேண்டும். சின்ன டப்பாவில் கிட் கிடைக்கிறது. தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்தால் போதும். குளோரின் 1-லிருந்து 3 பி.பி.எம். இருக்க வேண்டும். பி.எச். 7.2-லிருந்து 7.8-க்குள் நிற்க வேண்டும்.

இந்த பி.எச்.சை லேசாக நினைக்காதீர்கள். 7.5-ல் இருக்கும்போது நீங்கள் போட்ட குளோரினில் பாதி கிருமியோடு சண்டை போடும். 8-க்கு ஏறிவிட்டால் ஏறக்குறைய கால் பங்குதான் வேலை செய்யும். மீதி, நம் ஆபீஸில் சிலரைப் போல, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். சம்பளம் மட்டும் முழுசு!

இப்போது அந்தப் பையன் கதைக்கு வருவோம். பிளீச்சிங் பவுடரில் குளோரினோடு சுண்ணாம்பும் இருக்கிறது. அது முழுசாகக் கரையாது. நம் ஊர் போர் தண்ணீரோ பல இடங்களில் ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. பி.எச். வேறு ஏறியிருந்தால் சுண்ணாம்பு வெளியே வந்து பொடிப் பொடியாக மிதக்கும். 'கலங்கியிருக்கு, இன்னும் நாலு கிலோ போடு' என்றால் இன்னும் வெள்ளையாகும். செயலாளர் இன்னும் நாலு கிலோ போடச் சொல்வார்!

சுண்ணாம்புதானா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் வினிகர் விடுங்கள். கலங்கல் மறைந்தால் சுண்ணாம்பு. அப்படியே இருந்தால் பாசி, அழுக்கு வகையறா.

இன்னொரு தப்பபிப்பிராயம். மூக்கைத் துளைக்கும் 'ஸ்விம்மிங் பூல் வாசனை' வந்தால் குளோரின் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறோம். கிடையாது. வியர்வையோடும், மன்னிக்கவும், சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் என்கிற சரக்கின் வாசனை அது. கண் எரிவதற்கும் அதுதான் காரணம். குளிப்பதற்கு முன்னால் ஷவரில் நில்லுங்கள் என்று போர்டு வைப்பது சும்மா இல்லை.

மணலின் மகிமை

இனி ஃபில்டர். மோட்டார் அறையில் பெரிய பானை மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதன் உள்ளே இருப்பது வெறும் மணல். ஆற்று மணல் அல்ல. அரை மில்லிமீட்டர் அளவில் ஒரே சீராகச் சலித்தெடுத்த சிலிக்கா மணல். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும்போது அழுக்கு மணலிடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

மணலின் சக்தியை ஜெர்மனி 1892-லேயே பார்த்துவிட்டது. ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. காலராவில் எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த ஆல்டோனா ஊர், ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த அதே ஆற்றை மணலில் வடிகட்டிக் குடித்தது. பெரும்பாலும் தப்பித்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். ஆல்டோனாவில் தண்ணீர் மெதுவாக ஊறி இறங்கியது. நம் குளத்து ஃபில்டரில் மோட்டார் தள்ளும் வேகத்தில் பாய்கிறது. அது சுமார் 20-லிருந்து 40 மைக்ரான் வரையுள்ள தூசியைப் பிடிக்கும். தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி அதைவிட ரொம்பச் சின்னது. ஆகவே வேலை பிரித்துக்கொள்ள வேண்டும்: தெளிய வைப்பது மணல், கொல்வது குளோரின். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்ள முடியாது.

பி.காம். படித்தவன் கணக்கு

''மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டணும்?'' இங்கேதான் பெரும்பாலான அசோசியேஷன்கள் கோட்டை விடுகின்றன.

குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். 60,000 லிட்டர். மோட்டார் மணிக்கு 7,500 லிட்டர் தள்ளினால் எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று. அப்படியானால் எட்டு மணி நேரத்தில் எல்லாத் தண்ணீரும் ஃபில்டருக்குள் போய் வந்துவிடுமா? வராது! வடிகட்டிய தண்ணீர் திரும்பக் குளத்திலேதானே விழுகிறது? போன தண்ணீரே மறுபடி போகும். போகாத தண்ணீர் மூலையில் நிற்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு டிப்ரிசியேஷன் ஞாபகமிருக்கும். ரிட்டன் டவுன் வேல்யூ முறை. மீதியிலிருந்து மீதியிலிருந்து கழித்துக்கொண்டே போவது. அதே கதைதான் இங்கேயும். முதல் சுற்றில் 63 சதவிகிதத் தண்ணீர்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். இரண்டாவதில் 86. மூன்றாவதில் 95. நான்காவதில் 98. அதாவது கலங்கல் தெளிய 32 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். 'கரண்ட் பில் எகிறுது' என்று தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் பதினாறு நாள். அதற்குள் பதினாறு நாள் புது அழுக்கு சேர்ந்திருக்கும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை.

கழுவுவதிலும் கணக்கு உண்டு

ஃபில்டர் தலையில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். பல இடங்களில் அது காட்சிப் பொருள். மணலைக் கழுவி முடித்தவுடன் அதில் முள் எங்கே நிற்கிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். 10 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து எட்டு, பத்து ஏறி, 18-20-ஐத் தொட்டால் அடைப்பு என்று அர்த்தம். அப்போது பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஓட்டிக் கழுவ வேண்டும்.

அதற்கு முன்னால் கழுவாதீர்கள்! கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல்தான் நன்றாக வடிகட்டும். மாட்டிய அழுக்கு இடுக்கைச் சின்னதாக்கி, இன்னும் பொடியான தூசியைப் பிடிக்கும். தினம் தினம் கழுவினால் மணல் பளிச்சென்று இருக்கும். குளம் கலங்கலாக இருக்கும்.

கழுவும் முறை இதுதான். மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும்போது வால்வுக் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ரப்பர் கிழிந்துவிடும். 'பேக்வாஷ்' என்ற இடத்துக்குத் திருப்பி, மோட்டாரைப் போட்டு, கண்ணாடிக் குழலில் தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று நிமிஷம் ஓட விடுங்கள். நிறுத்துங்கள். 'ரின்ஸ்'-க்குத் திருப்பி அரை நிமிஷம். மறுபடி நிறுத்தி 'ஃபில்டர்'-க்குக் கொண்டுவாருங்கள். ரின்ஸை விட்டால் கிளம்பிய அழுக்கு நேராகக் குளத்துக்கே வந்து 'நலமா?' என்று கேட்கும். மொத்தச் செலவு மூன்று நிமிஷத்துக்கு சுமார் 375 லிட்டர். செடிக்கு விடலாமே என்று குளோரின் தண்ணீரை உடனே விட வேண்டாம்.

முள் ஏறாமல் இறங்கியிருந்தால்? மோட்டாருக்கு முன்னால் உள்ள வடிகூடையைத் திறந்து பாருங்கள். அபார்ட்மென்ட்டில் உள்ள அத்தனை பேர் தலைமுடியும் அங்கே இருக்கும். குளத்தின் அடியில் மணல் விழுந்திருந்தால் ஃபில்டருக்குள் குழாய் உடைந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் தெளியாவிட்டால் மணலைத் திறந்து பாருங்கள். எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து உருண்டை உருண்டையாகக் கெட்டிப்பட்டிருந்தால், பக்கத்தில் வழி பண்ணிக்கொண்டு தண்ணீர் வடிபடாமல் ஓடிவிடும். சாதாரணமாக ஐந்து முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை மணலை மாற்றுவது நல்லது.

பாட்டி வைத்தியம்

ரொம்பப் பொடியான கலங்கலுக்குப் பாட்டியிடம் வைத்தியம் இருக்கிறது. கிராமத்தில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசி வைப்பார்கள், இல்லாவிட்டால் படிகாரம். பொடித் தூசிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் உட்காரும். குளத்திலும் படிகாரம் போடுகிறார்கள். குளத்தை மூடிவிட்டு, சாயங்காலம் கரைத்து ஊற்றி, ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். காலையில் அடியில் மேகம் மாதிரி படிந்திருக்கும். அதை வேக்குவம் வைத்து உறிஞ்சும்போது வால்வு 'வேஸ்ட்' என்ற இடத்தில் இருக்கட்டும். ஃபில்டர் வழியாக விட்டால் மணல் பசையாகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆசிடையும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரின் பொடிகளைக் கலந்தால் தீப்பிடிக்கும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்து மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதெல்லாம் பராமரிக்கிறவர் பாடு, நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. குதிப்பதற்கு முன்னால் குளத்தின் ஆழமான பக்கம் போய் நில்லுங்கள். அடியில் தண்ணீர் வெளியேறும் ஜாலி மூடி இருக்கும். அதன் ஓரங்கள் பளிச்சென்று தெரிகிறதா? தெரிந்தால், ஷவரில் நின்றுவிட்டு தாராளமாகக் குதியுங்கள்.

தெரியாவிட்டால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 'மெயின்டனன்ஸ் கட்டியிருக்கிறேன்' என்று சண்டை போட வேண்டாம். ''சார், அடி தெரியலை. குழந்தைங்க இறங்கறதுக்குள்ள குளத்தை மூடிடுங்க'' என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பவுடர் டப்பாவைத் தேடினால், டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, பிரஷர் மீட்டரைக் காட்டுங்கள்.