லண்டனில் சொந்த ஃபிளாட்... லீஸ் இன்னும் எத்தனை வருஷம்? கவனிக்கவேண்டிய '80 ஆண்டு' கணக்கு!

சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஆனால், லண்டனில் 'லீஸ்ஹோல்ட் ஃபிளாட்' என்பது முற்றிலும் வேறு. வங்கிக் கடன் வாங்கி, பதிவு செய்து, பால் காய்ச்சிக் குடிபோன சொந்த வீடுதான் அது. என்ன, அந்தச் சொந்தத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட்டுகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் விற்கப்படுகின்றன. இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 50 லட்சம் வீடுகள் லீஸ்ஹோல்டில் இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, ஹாரோ, டூட்டிங் பகுதி ஃபிளாட்டுகளும் இதற்கு விலக்கல்ல.

தமிழ்நாட்டில் ஃபிளாட் வாங்கினால் நிலத்தில் நமக்கும் பிரிக்கப்படாத பங்கு (யு.டி.எஸ்) பதிவாகும். அங்கே நிலமும் கட்டடமும் 'ஃப்ரீஹோல்டர்' எனப்படும் நில உரிமையாளருடையவை. ஃபிளாட் வாங்கியவருக்குக் கிடைப்பது 99, 125 என்று குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உரிமை மட்டுமே. லீஸ் முடிந்த அன்றே யாரும் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால், அதுவரை உரிமையாளராக இருந்தவர் அன்றுமுதல் வாடகைதாரர் ஆகிவிடுவார்.

1980-களில் ஓடத் தொடங்கிய கடிகாரம்

1980-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், கவுன்சில் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அவற்றை வாங்கும் உரிமையைத் தந்தது. இப்படி விற்கப்பட்ட ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் 125 ஆண்டு லீஸ். 1982-ல் தொடங்கிய அப்படியொரு லீஸில், 2027-ல் மீதமிருப்பது 80 ஆண்டுகள்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஒரே கட்டடத்தில் பிறகு விற்கப்பட்ட ஃபிளாட்டுகளின் லீஸும், முதல் லீஸ் முடியும் அதே நாளில் முடியும்படி எழுதப்பட்டிருக்கலாம். அதனால் 'நாங்கள் 2000-ல்தானே வாங்கினோம்' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வாங்கிய வருடத்தை விட்டுவிட்டு, லீஸ் முடியும் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

80 ஆண்டில் என்ன நடக்கிறது?

லீஸ் குறையக் குறைய வீட்டின் விலை குறையும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் வங்கிகள் கடன் தரத் தயங்கும். கடன் கிடைக்காத வீட்டை ரொக்கமாக வாங்குபவரிடம்தான் விற்க முடியும். பிள்ளைகளுக்கு என்று வைத்துவிட்டுப் போகும் வீடு, அவர்களால் விற்க முடியாத வீடாகவும் மாறலாம்.

லீஸை நீட்டித்தால் வீட்டின் மதிப்பு உயரும் இல்லையா? அந்த உயர்வுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'மேரேஜ் வேல்யூ'. மீதமிருக்கும் காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் என்றால் இதற்குப் பணம் தர வேண்டியதில்லை. 80 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், அதில் சரிபாதி நில உரிமையாளருக்கு.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். லீஸை நீட்டித்தால் 3,00,000 பவுண்டு பெறும் ஒரு ஃபிளாட். 'கிரவுண்ட் ரென்ட்' எனப்படும் நில வாடகை வருடத்துக்கு 150 பவுண்டு. 81 ஆண்டுகள் மீதமிருக்கும்போது நீட்டித்தால், 5%, 6.5% வட்டி விகிதங்களை வைத்துக் கணக்கிடும்போது, நில உரிமையாளருக்குத் தரவேண்டியது சுமார் 8,000 பவுண்டு. இரண்டே வருடம் தள்ளிப்போட்டு 79-ல் கேட்டால்? குறைந்த லீஸால் வீட்டின் விலை 6% இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தொகை சுமார் 13,300 பவுண்டாகிவிடும். விலைச் சரிவு அதிகமாக இருந்தால் இதுவும் கூடும்.

ஒரு மிளகு வாடகை!

1993-ம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியுள்ள ஃபிளாட் உரிமையாளர் லீஸை நீட்டித்துக் கேட்டால் நில உரிமையாளர் சும்மா மறுத்துவிட முடியாது. மீதமிருக்கும் காலத்தோடு இன்னும் 90 ஆண்டுகள் சேரும். கிரவுண்ட் ரென்ட் 'ஒரு மிளகு' ஆகிவிடும். ஆம், நம் ரசத்தில் போடும் அதே மிளகுதான்! பெயருக்கு ஒரு வாடகை, நடைமுறையில் பூஜ்யம் என்பதற்கு ஆங்கிலேயர் சட்டத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

இதற்கான வழி இதுதான்:

* முதலில் லீஸ் நீட்டிப்பில் அனுபவமுள்ள சர்வேயரிடம் மதிப்பீடு வாங்க வேண்டும்.

* பிறகு சொலிசிட்டர் மூலம் '42-வது பிரிவு நோட்டீஸ்' அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் தேதியை வைத்துத்தான் மதிப்புக் கணக்கிடப்படும். 80-ஐ நெருங்குபவர்களுக்கு இந்தத் தேதி மிக முக்கியம்.

* பதில் சொல்ல நில உரிமையாளருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும்.

* பதில் நோட்டீஸ் வந்தும் தொகையில் உடன்பாடு இல்லையென்றால், அது வந்த 2 முதல் 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். மறுபடி நோட்டீஸ் கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

1993 சட்டப்படி, நில உரிமையாளரின் நியாயமான வக்கீல், மதிப்பீட்டுச் செலவையும் ஃபிளாட்காரரே ஏற்க வேண்டும். பட்ஜெட் போடும்போது இதை மறக்கக் கூடாது.

பேசி முடித்துக்கொண்டால்?

நோட்டீஸ் இல்லாமல் நேரடியாகப் பேசியும் நீட்டிக்கலாம். செலவும் நேரமும் குறையலாம். ஆனால், சட்டத்தின் பாதுகாப்பு இருக்காது. 90-க்குப் பதில் குறைந்த ஆண்டுகள் தரப்படலாம். பழைய லீஸில் மீதமிருக்கும் காலம் முழுக்க கிரவுண்ட் ரென்ட்டும் தொடரலாம். 'தொகை குறைவு' என்று தலையாட்டும் முன் இந்த இரண்டையும் படித்துப் பார்ப்பது நல்லது.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கலாமா?

2024 மே மாதம் நிறைவேறிய சட்டம், நீட்டிப்பை 990 ஆண்டுகளாக்கவும் மேரேஜ் வேல்யூவை நீக்கவும் வழி செய்திருக்கிறது. ஆனால், சட்டம் நிறைவேறியதும் இவை உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. வீடு வாங்கி இரண்டு வருடம் ஆனால்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை மட்டும் 2025 ஜனவரி 31 முதல் நீக்கப்பட்டது.

80-க்குக் கீழே போய்விட்டவர்கள், விற்கவோ கடன் வாங்கவோ அவசரம் இல்லையென்றால், காத்திருப்பதைப் பற்றி யோசிக்கலாம். 81, 82 என்று நிற்பவர்களின் நிலை வேறு. அவர்கள் காத்திருக்கையில் கோடு தாண்டிவிட்டால், அந்த நஷ்டம் அவர்கள் தலையில்தான்.

எந்தப் பக்கம் இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் வீட்டின் பதிவை எடுத்து, லீஸ் தொடங்கிய தேதியையும் மொத்த ஆண்டுகளையும் பாருங்கள். அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனை அமைப்பான 'லீஸ்' இலவசமாக வழிகாட்டுகிறது. அம்மா, அப்பா பெயரில் ஃபிளாட் இருந்தால், இந்த வாரக் கடைசியில் அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுவிடுங்கள்!