ஊகம் நீங்கிய நிழற்படம்

1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி இரவு, பெர்லின் நகரின்மீது நிகழ்ந்த விமானத் தாக்குதலில் அந்நகரத்துத் தாவரவியல் பொருட்காட்சிசாலை தீக்கிரையாயிற்று. பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த உலர்தாவர மாதிரிகளில் பெரும்பகுதி அழிந்தது. அவற்றுள் மூலமாதிரிகள் பலவும் இருந்தன. புதிய தாவர இனம் ஒன்றிற்குப் பெயர் சூட்டும்போது அப்பெயருக்குச் சான்றாகக் குறிக்கப்படும் மாதிரியே மூலமாதிரி எனப்படும். அது மறைந்துவிட்டால் இன்ன பெயர் இன்ன செடிக்கே உரியது என்று நிலைநாட்டுவது கடினம். நல்வாய்ப்பாக, சிகாகோ நகரத்து ஃபீல்டு பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ஜே. பிரான்சிஸ் மக்பிரைடு என்பார் 1929இல் தொடங்கி, ஐரோப்பியத் தொகுப்புகளில் இருந்த அமெரிக்கத் தாவர மூலமாதிரிகளை நிழற்படம் எடுத்துவந்திருந்தார். அழிந்துபோன மாதிரிகள் பலவற்றிற்கு இன்று அப்படங்களே சான்று. அவற்றில் பதியாமற்போன நுட்பம் எதுவோ, அது திரும்பக் கிடைப்பதற்கு வழியில்லை.

பொருளுக்குப் பதிலாகப் படமே நின்று சாட்சி கூற வேண்டிய நாள் எந்தத் தொகுப்பிற்கும் வரலாம். ஆதலால், சான்றுக்காக எடுக்கும் படத்தில் உள்ளவற்றுள் எவ்வளவு அளந்தறிந்தது, எவ்வளவு ஊகித்து நிரப்பியது என்று கேட்பது தகும். இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே, காமிராவின் உணரியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் ‘பிக்ஸல் நகர்வு’ முறை.

ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்

டிஜிட்டல் காமிராவில் பிலிம் சுருளுக்குப் பதிலாக உணரி என்னும் தகடு இருக்கிறது. அதில் பிக்ஸல்கள் எனப்படும் கோடிக்கணக்கான நுண்புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. எனவே ஒவ்வொரு புள்ளியின்மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒரு நிற வடிகட்டி பொருத்தப்படுகிறது. பெரும்பாலான காமிராக்களில் உள்ள அமைப்பு, கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்றது. அதில் புள்ளிகளுள் பாதி பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். நமது கண் ஒளியின் நுட்பங்களைப் பச்சைப் பகுதியிலேயே மிகுதியாக உணர்வதால் பச்சைக்கு இரட்டிப்புப் பங்கு அளிக்கப்பட்டது.

இதன் விளைவைக் கருதுக. முடிந்த படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற அளவுகள் வேண்டும். உணரி அளந்ததோ ஒன்றே ஒன்று. எஞ்சிய இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளின் அளவுகளைக் கொண்டு கணிப்பொறி ஊகித்து நிரப்புகிறது. ஆக, சாதாரண டிஜிட்டல் படம் ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் ஊகமே! நிறம் படிப்படியாக மாறும் இடங்களில் இவ்வூகம் பெரும்பாலும் சரியாகவே அமையும். ஆனால் இலையின் மேலுள்ள மெல்லிய ரோமம், துணியின் நெசவு, சிற்றோவியத்தின் தூரிகைக் கோடு போன்ற நுண்ணிய இடங்களில் அது பிழைபடக்கூடும். இல்லாத நிறங்களும் அலையலையான கோடுகளும் தோன்றும். செடியின் இனத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்கள் பல இத்தகைய நுண்ணிய இடங்களிலேயே உள்ளன.

நான்கு நிலைகள்

கை நடுக்கத்தால் படம் கலங்காதிருக்கும் பொருட்டு, இன்றைய காமிராக்கள் பலவற்றில் காந்தவிசையால் உணரியையே அசைத்து ஈடுசெய்யும் அமைப்பு உள்ளது. நடுக்கத்தைப் போக்க வந்த இந்த ஏற்பாட்டையே பிக்ஸல் நகர்வுக்கும் பயன்படுத்துகின்றனர். முதற்படம் எடுத்ததும் உணரி சரியாக ஒரு புள்ளி அகலம் பக்கவாட்டில் நகர்கிறது. பின்னர் ஒரு புள்ளி கீழே. பின்னர் ஒரு புள்ளி எதிர்ப்பக்கம். இவ்வாறு நான்கு படங்கள் எடுக்கும்போது, படத்தின் ஒவ்வோர் இடமும் சிவப்பு வடிகட்டியின் கீழ் ஒரு முறையும், நீலத்தின் கீழ் ஒரு முறையும், பச்சையின் கீழ் இரு முறையும் வந்துவிடுகிறது. ஊகத்திற்கு இடமில்லை, மூன்று நிறங்களும் அளந்தறியப்பட்டவை. 2015இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே-3 இரண்டாம் வகைக் காமிரா இம்முறையில் இயங்கியது. இங்குப் புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. அவற்றின் உண்மையே கூடுகிறது.

எண்ணிக்கையையும் கூட்ட வேண்டுமானால் அரைப் புள்ளி நகர்த்த வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் மட்டுமே உள்ள அளவுகோலை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்து மறுமுறையும் அளப்பதற்கு இதனை ஒப்பிடலாம். 2019இல் வந்த சோனி ஏ7ஆர் நான்காம் வகைக் காமிராவின் உணரியில் 9504 நெடுவரிசைகளும் 6336 கிடைவரிசைகளுமாக ஏறத்தாழ 6 கோடிப் புள்ளிகள் உள்ளன. அரைப் புள்ளி நகர்வுடன் 16 படங்களை இணைத்தால் 24 கோடிப் புள்ளிகள் கொண்ட படம் கிடைக்கிறது. ஆயினும் நுட்பமும் நான்கு மடங்காகிவிட்டது என்று கருதலாகாது. ஒவ்வொரு புள்ளியும் தன் முழு அகலத்திலும் விழும் ஒளியைத் திரட்டியே அளக்கிறது; அரைப் புள்ளி தள்ளி எடுத்த இரண்டு அளவுகளும் பாதி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மேலும், லென்ஸ் காட்டாத நுட்பத்தை எந்த உணரியாலும் பதிவு செய்ய இயலாது.

பழைய கருத்து, புதிய கருவி

அசையாத பொருளை மும்முறை படமெடுத்து முழு நிறத்தைப் பெறும் கருத்து புதிதன்று. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் லண்டனில் வண்ண நாடா ஒன்றின் படத்தைத் திரையில் காட்டியது, மூன்று நிற வடிகட்டிகளின் வழியே தனித்தனியாக எடுத்த தகடுகளைக் கொண்டேயாம். சிறிது நகர்த்தி மறுபடியும் அளக்கும் உத்தியோ வானியலாரிடம் வேரூன்றியது. 1995 டிசம்பரில் ஹப்பிள் விண்தொலைநோக்கி, வானின் சிறு பகுதி ஒன்றைப் பத்து நாட்களில் 342 முறை படமெடுத்தது. இடையிடையே அதன் நோக்கு மிகச் சிறிதளவு நகர்த்தப்பட்டது. அப்படங்களை இணைக்க வகுக்கப்பட்ட கணித முறைக்குத் ‘தூறல்’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 2002இல் ஏவப்பட்ட பிரெஞ்சு நாட்டு ஸ்பாட்-5 செயற்கைக்கோளும், அரைப் புள்ளி விலகிய இரண்டு உணர்வரிசைகளைக் கொண்டு, 5 மீட்டர் நுட்பமுள்ள இரு படங்களிலிருந்து 2.5 மீட்டர் நுட்பமுள்ள ஒரு படத்தைத் தந்தது.

தாவரத் தாளில் ஒரு கணக்கு

நம் நாட்டில் உலர்தாவரங்களை ஒட்டிவைக்கும் தாள் பொதுவாக 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது. மேற்கூறிய காமிராவின் படச்சட்டமும் இதே விகிதத்தில் அமைந்திருப்பதால் தாள் முழுவதையும் அதில் நிரப்பலாம். அப்போது ஒரு புள்ளி, தாளில் 0.044 மில்லிமீட்டர் இடத்தைக் குறிக்கும். அரைப் புள்ளி நகர்வில் இது 0.022 மில்லிமீட்டராகக் குறைகிறது. தட்டையாகவும் உலர்ந்தும் அசைவற்றும் இருக்கும் தாவரத் தாள், இம்முறைக்கு மிகவும் ஏற்ற பொருள்களுள் ஒன்றாகும்.

ஆனால் இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பதினாறு படங்களும் எடுத்து முடிவதற்குள் தாளோ காமிராவோ 0.02 மில்லிமீட்டருக்கு ஒப்பாக அசைந்தால் பயன் யாவும் வீணாகும். ஒருவர் மரத்தரையில் நடப்பதும், மின்விசிறிக் காற்றில் இலை நுனி ஆடுவதும் இதற்குப் போதும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. காமிராவை உறுதியான தாங்கியில் பொருத்தி, கையால் தொடாமல் தொலைவிலிருந்தே இயக்குக. மின்விசிறியை நிறுத்துக.

2. படத்திற்குப் படம் ஒளி மாறலாகாது. மின்சாரத்துடன் சேர்ந்து மினுக்கும் விளக்குகளையும், மேகத்தால் மாறும் சன்னல் வெளிச்சத்தையும் தவிர்க்க.

3. லென்ஸின் துளையை அளவுக்கு மீறிச் சுருக்கலாகாது. எஃப் 16 நிலையில், ஒளிவிளிம்பு விளைவால் ஒரு பச்சை ஒளிப்பொட்டு ஏறத்தாழ 21 மைக்ரான் அகலத்திற்குப் பரவும். இந்த உணரியின் புள்ளியோ 3.76 மைக்ரான்தான். எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை தகுந்த நிலையாகும். தடித்த கனிகள் உள்ள தாளில் கூர்மையின் ஆழம் குறையும் என்பதையும் நினைவிற்கொள்க.

4. அளவுகோலும் நிற அட்டையும் படத்திற்குள் இருக்கட்டும்.

5. இணைத்த படத்தைப் பெரிதாக்கி நோக்குக. விளிம்புகளில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தெரிந்தால் ஏதோ அசைந்திருக்கிறது, மறுபடியும் எடுக்க.

காற்றில் ஆடும் செடி, ஓடும் நீர், உயிருள்ள பூச்சி ஆகியவற்றிற்கு இம்முறை உதவாது. களத்தில் அவற்றை ஒரே படமாக எடுப்பதே முறை.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டா?

சுருக்கப்படாத மூலக்கோப்பு ஒன்று சுமார் 12 கோடி பைட்டு என்று கொண்டால், ஒரு தாளுக்குப் பதினாறு கோப்புகளும் ஏறத்தாழ 2 ஜிகாபைட்டு இடம் கொள்ளும். 1890இல் நிறுவப்பெற்ற இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஹௌரா மத்திய உலர்தாவரத் தொகுப்பில் மட்டும் சுமார் 20 இலட்சம் மாதிரிகள் உள்ளன. அத்தனைக்கும் இம்முறையைக் கையாள முற்பட்டால் சேமிப்பும் உழைப்பும் தாங்கா. பொதுப் பதிவிற்கு ஒரே படம் போதும். மூலமாதிரிகளும், சிதையத் தொடங்கிய பழைய தாள்களும், இனம் மறைந்துபோன செடிகளுமே இந்தக் கூடுதல் உழைப்பிற்கு முதல் உரிமை உடையவை. அவற்றிற்கு இணைத்த படத்தோடு நிறுத்தாமல் மூலக்கோப்புகள் அனைத்தையும் காத்துவைத்தல் வேண்டும். இணைக்கும் கணித முறைகள் நாளை இன்னும் சிறக்கக்கூடும். எடுக்காத அளவையோ எந்தக் கணிதமும் தராது.

வகுப்பறையில் காட்ட

ஆசிரியர்கள் இத்தத்துவத்தைச் செலவின்றி விளக்கலாம். கட்டத்தாள் ஒன்றின் கட்டங்களுக்குச் சரியாகப் பொருந்துமாறு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றில் கட்டங்கள் வரைந்து, முதல் வரிசையில் ப, சி, ப, சி என்றும், அடுத்த வரிசையில் நீ, ப, நீ, ப என்றும் மாறிமாறி எழுதுக. கட்டத்தாளின் நடுவே ஒரு கட்டத்தில் அடையாளம் இடுக. பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து, அடையாளத்தின்மேல் எந்த எழுத்து உள்ளது என்று மாணவரைக் குறித்துக்கொள்ளச் செய்க. பின்பு தாளை ஒரு கட்டம் வலப்புறமும், ஒரு கட்டம் கீழும், ஒரு கட்டம் இடப்புறமும் நகர்த்தி ஒவ்வொரு முறையும் குறிக்கச் செய்க. நான்கு குறிப்புகளில் சிவப்பும் நீலமும் ஒவ்வொரு முறையும், பச்சை இரு முறையும் வந்திருக்கும். பின்னர், கட்டத்தாளை இடையில் சற்றே அசைத்து மறுபடியும் செய்யச் சொன்னால், அசையாமை ஏன் இன்றியமையாதது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

மக்பிரைடு படமெடுத்த காலத்தில், அப்படங்கள் எதற்கெல்லாம் பயன்படப் போகின்றன என்பதை யாரும் அறிந்திருக்க முடியாது. நம் தொகுப்புகளில் உள்ள தாள்களும் தீ, ஈரம், பூச்சி ஆகியவற்றிற்கு அப்பாற்பட்டவை அல்ல. அவை கைக்கு எட்டும் நாளிலேயே, அளந்தறிய வல்லதை ஊகத்திற்கு விடாமல் பதிவு செய்துவைப்பது நம் பணியாகும்.