துறைமுக வீட்டுக்கு உகந்த பிராணி

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்வோரின் கையிலுள்ள வாழைப்பழத்தை நோக்கிச் சங்கோசமின்றி மூக்கை நீட்டும் புள்ளிமானின் சௌந்தரியத்தில் மயங்கி, அதனை வீட்டிற் கட்டி வளர்க்க ஆசைப்படுவது, சட்டத்துக்கும் அம்மானின் சுபாவத்துக்கும் விரோதமாகும். நமது கிருகங்களுக்கு உசிதமான பிராணி பூனையே. எலிகளை ஒழிக்கும் பொருட்டுக் கப்பல்தோறும் பூனையைப் போஷித்துவந்த பிரித்தானியக் கடற்படை, 1975ஆம் ஆண்டிலேதான் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. மீன் சந்தையருகே பிறந்த குட்டியாயினும், எட்டு வாரம் நிரம்புமுன் தாயிடமிருந்து பிரிக்காமல், கண்ணில் பீளையும் காதில் அழுக்கும் இல்லாததாய், கையை நீட்டினால் முகர்ந்து பார்க்க வருவதாய்த் தெரிந்தெடுங்கள். வளர்ந்த பூனைக்குப் பசுப்பால் பெரும்பாலும் சீரணியாது. முள் நீக்கி அவித்த மீன் கொடுக்கலாம். விசர்நோய்த் தடுப்பூசி நாய்க்கு மட்டுமே உரியதென்று எண்ணாமல், பூனையையும் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.